ஒளித்து வைத்த ஐஸ்கிறீம் பெட்டி: சிலந்தி வளர்க்கும் வீடுகளுக்குச் சில ஆலோசனைகள்



நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதிவரும் இந்த மருத்துவப் பக்கத்தில் இம்முறை சிலந்தி வளர்ப்புப் பற்றி எழுதப் போகிறேன். டொக்டருக்கு என்ன நடந்தது என்று சிலர் யோசிக்கக்கூடும். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில காலத்துக்கு முன் ஒரு தாய் தனது பதின்மூன்று வயது மகனை என்னிடம் கூட்டிவந்தார். பிள்ளைக்கு ஒரு கண் சிவந்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. பாடசாலையில் கண்நோய் பரவியிருந்த நேரம். நானும் அதுவென்றே நினைத்து ஆன்ரிபயோட்டிக் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார்கள். கண் இன்னும் மோசமாக இருந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளை கையால் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அன்றுதான் கேட்டேன்.

"தம்பி, வீட்டில ஏதாவது பிராணி வளர்க்கிறீரோ?"

தாய் முந்திக்கொண்டார். "ஐயோ டொக்டர், எங்கட வீட்டில நாயுமில்லை, பூனையுமில்லை."

பிள்ளை நிலத்தைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "பிராணி எண்டில்லை அங்கிள்... ஒரு ஸ்பைடர்."

நண்பன் ஒருவனிடம் வாங்கிய ரறன்ருலா. இங்கே வளர்ப்புப் பிராணிக் கடைகளில் விற்கப்படும், உள்ளங்கை அளவுக்கு வளரும் மயிர்ச் சிலந்தி. அப்பாவுக்குத் தெரிந்தால் எறிந்துவிடுவார் என்ற பயத்தில், ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றில் கவராயத்தால் துளை குத்தி, உள்ளே ரிசு விரித்து, நான்கு மாதமாகக் கட்டிலுக்குக் கீழே வைத்து வளர்த்திருக்கிறான். அன்றே கண் வைத்தியசாலைக்கு அனுப்பினேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது கருவிழியில் மெல்லிய மயிர்கள் குத்தி நின்றன. பல மாதங்கள் சொட்டு மருந்து விடவேண்டி வந்தது. இன்று பார்வை நன்றாக இருக்கிறது. அந்தக் குடும்பத்தின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இதே போன்ற ஒரு சம்பவம் லீட்ஸ் நகரில் 2009 இல் நடந்து, 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. 29 வயதான ஒருவர் தனது சிலந்தித் தொட்டியின் கண்ணாடியில் இருந்த கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சிலந்தி அசைவதை உணர்ந்து தலையைத் திருப்பியிருக்கிறார். மயிர்கள் புகைபோல முகத்தில் பட்டிருக்கின்றன. அவருக்கும் முதலில் சாதாரணக் கண்நோய்க்கான மருந்துதான் கொடுக்கப்பட்டது. மூன்று வாரங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. அந்தக் கட்டுரையை நான் வாசித்திருந்தேன். ஆனாலும் எங்கள் தமிழ்ப் பிள்ளை ஒருவனின் கட்டிலுக்குக் கீழே சிலந்தி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த மயிர் என்ன செய்யும்?

வட, தென் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த ரறன்ருலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேற்புறத்தில் சுணை மயிர்கள் உண்டு. எங்களூர் மயிர்கொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பயந்தால் சிலந்தி பின்னங்கால்களால் வயிற்றைத் தேய்த்து அந்த மயிரைக் காற்றில் கிளப்பிவிடும். தோலில் பட்டால் கடியும் தடிப்பும் வரும். மூக்கில் போனால் தும்மலும் இருமலும் வரும். கண்ணில் பட்டால்தான் ஆபத்து. மயிரில் சிறு முட்கள் இருப்பதால் அது பின்னுக்கு வராமல் மேலும் மேலும் உள்ளே போகும்.

சிலந்தி சும்மா இருக்கும்போது மயிரைக் கிளப்புவதில்லை. பயந்தால்தான் கிளப்பும். ஐஸ்கிறீம் பெட்டியில் அதற்கு ஒளிய இடம் இல்லை. மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேலே திடீர் வெளிச்சம். பெட்டி கட்டிலுக்குக் கீழே இருப்பதால் பிள்ளை நிலத்தில் படுத்து, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த்தான் பார்க்கவேண்டும். இதைவிட மோசமான ஏற்பாடு இருக்க முடியாது. ஆகவே சரியான கூடு என்பது சிலந்தியின் சுகத்துக்கு மட்டுமல்ல, உங்கள் பிள்ளையின் கண்ணுக்கும் பாதுகாப்பு.

எந்த இனம் என்று முதலில் அறியுங்கள்

கூட்டை வாங்க முன்னர் இனத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலி நாட்டு ரோஸ், மெக்சிக்கோ நாட்டுச் சிவப்பு முழங்கால் போன்றவை நிலத்தில் வாழ்பவை, மெதுவானவை. புதிதாக வளர்ப்பவர்களுக்குப் பொதுவாக இவற்றைத்தான் சொல்வார்கள். ஆனால் சுணை மயிர் இவற்றுக்கு உண்டு.

மற்றையது மரத்தில் வாழும் வகை. இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள புலிமுகச் சிலந்திகள் இவ்வகையே. 2013 இல் எங்கள் வன்னிக் காட்டுச் சிலந்தி ஒன்று புதிய இனமாக உலகச் செய்திகளில் வந்தது சிலருக்கு நினைவிருக்கலாம். கால்களை விரித்தால் சுமார் 20 சென்ரிமீற்றர். மாங்குளத்தில் மரங்களிலும், வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும்கூட அதைக் கண்டெடுத்தார்கள். வைத்தியர் விடுதி என்று வாசித்தபோது நானும் சிரித்தேன். ஊர்ப் பாசத்தில் பிள்ளைக்கு இதையே வாங்கிக் கொடுக்கலாமே என்று நினைக்கவேண்டாம். புலிமுகச் சிலந்திகளுக்குச் சுணை மயிர் இல்லை. ஆனால் மின்னல் வேகத்தில் ஓடும். கடித்தால் கடுமையான வலியும், சிலருக்கு நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரும். அனுபவம் இல்லாத வீட்டுக்கு ஏற்றதல்ல. தவிர, 2019 இலிருந்து இவை சைற்ஸ் என்ற சர்வதேச வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. ஊருக்குப் போய்வரும்போது அனுமதியின்றிக் கொண்டுவருவது குற்றம். எந்தச் சிலந்தியானாலும், காட்டில் பிடித்ததல்ல, இங்கே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்தது என்று விற்பவரிடம் உறுதிப்படுத்துங்கள்.

இன்னொன்று, ஆண் சிலந்திகள் சில வருடங்களே வாழும். பெண் சிலந்தி இருபது வருடங்களுக்கு மேலும் வாழக்கூடும். மகன் பல்கலைக்கழகம் போனபின் அதற்குச் சாப்பாடு போடப்போவது அம்மாதான். வாங்க முன்னர் அம்மாவின் சம்மதம் வேண்டும்!

தொட்டியின் அளவு

பெரிய தொட்டி என்றால் நல்லது என்று எண்ணுவது நாங்கள் செய்யும் பிழை. நிலத்தில் வாழும் சிலந்திக்கு உயரம்தான் எமன். அதன் வயிற்றுத் தோல் மிக மெல்லியது. கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு வெடித்து இறந்துவிடும்.

கணக்கு இலகுவானது. கால்களை விரித்த அளவைப் போல நீளம் மூன்று மடங்கு, அகலம் இரண்டு மடங்கு. மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான உயரம் ஒரு மடங்கிலிருந்து ஒன்றரை மடங்கு வரை. 12 சென்ரிமீற்றர் சிலந்திக்கு ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் நீளமும் 25 சென்ரிமீற்றர் அகலமும் போதும். தொட்டி 30 சென்ரிமீற்றர் உயரம் என்றால் பாதிக்கு மண் நிரப்புங்கள். மீதி 15 சென்ரிமீற்றர் சரியாக வரும்.

மரத்தில் வாழும் இனத்துக்கு இது தலைகீழ். அதற்கு உயரமான தொட்டியும், சாய்த்து நிறுத்திய மரப்பட்டையும், முன்பக்கம் திறக்கும் கதவும் வேண்டும். குழி தோண்டி வாழும் இனங்களுக்கு இன்னும் ஆழமான மண் வேண்டும். விரல் நகம் அளவான குஞ்சைப் பெரிய தொட்டியில் விட்டால் அது இரையைக் கண்டுபிடிக்காது. துளையிட்ட சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் தொடங்கி, வளர வளர மாற்றவேண்டும்.

மூடி, பூட்டு, காற்று

ஒரு தொட்டியில் நான் முதலில் பார்ப்பது மூடியைத்தான். ரறன்ருலா கண்ணாடியில் ஏறும், இலேசான மூடியைத் தள்ளித் திறக்கும். கொளுக்கி போட்டு இறுக்கும் மூடி வேண்டும். தவழும் பிள்ளையோ பாடசாலை தொடங்காத பிள்ளையோ உள்ள வீட்டில் திறப்புப் போட்டுப் பூட்டும் தொட்டி வாங்குங்கள். மூடிக்கு மேலே புத்தகத்தை அடுக்கி வைப்பது பூட்டு ஆகாது.

பழைய மீன்தொட்டியைப் பாவிக்கும் பலர் கம்பிவலை மூடி போடுகிறார்கள். சிலந்தியின் கால் நகம் வலைக் கண்ணில் சிக்கினால் அது தொங்கிக் காலை இழக்கும். வலைக்குப் பதிலாகத் துளை போட்ட அக்றிலிக் தகடு நல்லது. துளைகள் சிலந்தியின் தலைப்பகுதி நுழைய முடியாத அளவில் இருக்கவேண்டும். காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போனால் பூஞ்சணம் பிடிக்காது. ஆகவே எதிரெதிர்ப் பக்கங்களிலும் துளை இருப்பது சிறப்பு. பிளாஸ்ரிக் பெட்டியில் நீங்களே துளை போட்டால் உள்ளேயிருந்து வெளியே போடுங்கள். கூரான விளிம்பு வெளிப்பக்கம் நிற்கும்.

உள்ளே என்ன வைப்பது?

மண்ணுக்கு எங்களுக்கு நன்கு தெரிந்த பொருள்தான் வேண்டும். தென்னந்தும்புத் தூள்! ஊரில் தும்பு அடித்தபின் மிஞ்சும் அதே தூளைக் கட்டியாக அழுத்தி, இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இங்கு அனுப்புகிறார்கள். தண்ணீரில் ஊறவைத்தால் பொங்கி வரும். பிழிந்து, நன்றாக உலரவிட்டு, அழுத்திப் போடுங்கள். பூக்கன்றுகளுக்கு விற்கும் பசளை கலந்த மண், மரத்தூள், வாசனையுள்ள மரச்சீவல், கூழாங்கல் எதுவும் வேண்டாம்.

அடுத்தது ஒளிந்துகொள்ள ஓர் இடம். இதுதான் மிக முக்கியம். வளைந்த மரப்பட்டைத் துண்டு, அல்லது பக்கவாட்டில் பாதி புதைத்த சிறிய பூச்சாடி போதும். ஒளிய இடமுள்ள சிலந்தி மூடி திறந்ததும் உள்ளே போய்விடும். இல்லாத சிலந்தி உங்கள் முகத்துக்கு மயிரைக் கிளப்பும்.

ஆழமில்லாத தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று வைத்து, அடிக்கடி தண்ணீரை மாற்றுங்கள். அதற்குள் ஸ்பொஞ்ச் போடச் சொல்வார்கள். தேவையில்லை, அதில் கிருமிதான் வளரும். கூரான கல்லும் முள்ளுள்ள செடியும் வேண்டாம். ஒரு தொட்டிக்கு ஒரு சிலந்திதான். துணைக்கு இன்னொன்றை விட்டால் மறுநாள் ஒன்றுதான் மிஞ்சும்.

சூடு

நாங்கள் வசதியாக இருக்கும் அறை பெரும்பாலான ரறன்ருலாக்களுக்கும் போதும். வீடு மிகவும் குளிரென்றால் ஹீற் மற் எனப்படும் சூடாக்கும் விரிப்பைத் தொட்டியின் பக்கச் சுவரில் பொருத்துங்கள். கீழே வைக்கக்கூடாது. சிலந்தி சூட்டுக்குத் தப்ப மண்ணைத் தோண்டிக் கீழேதான் போகும், அங்கே வெந்துவிடும். தேர்மோஸ்ராற் இல்லாமல் ஹீற் மற் போடவே வேண்டாம். தொட்டிக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. ஜன்னல் வெயிலிலும் றேடியேற்றருக்கு மேலேயும் தொட்டியை வைக்காதீர்கள்.

வீட்டில் எந்த இடம்?

தொட்டி கட்டிலுக்குக் கீழேயும் வேண்டாம், அலுமாரிக்கு மேலேயும் வேண்டாம். ஆடாத மேசையிலோ தட்டிலோ, நின்றபடி வேலை செய்யும்போது முகத்துக்கு நன்றாகக் கீழே வரும் உயரத்தில் இருக்கட்டும். மேலேயிருந்து விழுந்த தொட்டியின் கண்ணாடி சிலந்தியைவிட அதிக காயம் செய்யும்.

சாமியறைக்குப் பக்கத்தில் வேண்டாம். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரப் புகை அதற்கு ஆகாது. பூச்சிக்கொல்லி ஸ்பிறே அந்த அறையில் அடிக்கவே கூடாது. அது பூச்சிக்கு என்ன செய்யுமோ சிலந்திக்கும் அதையே செய்யும். குசினியில் தொட்டியும் வேண்டாம், உணவாகப் போடும் சில்வண்டு, கரப்பொத்தான் பெட்டிகளும் வேண்டாம். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் இடத்தில் கழுவாதீர்கள். இரைப் பூச்சிகளின் தூசி சிலருக்கு ஒவ்வாமையைத் தரும். வீட்டில் ஆஸ்மாக்காரர் இருந்தால் படுக்கையறையில் இவற்றை வைக்கவேண்டாம்.

துப்புரவு செய்யும் நாள்

ஆபத்து அதிகம் வருவது இந்த நாளில்தான். எச்சத்தையும் மிஞ்சிய இரையையும் நீண்ட இடுக்கியால் உடனுக்குடன் எடுத்தால் முழுத் தொட்டியையும் அடிக்கடி கழுவத் தேவையில்லை. முழுதாக மாற்றும் நாளில் பின்வருமாறு செய்யுங்கள்.

1. வளர்ந்த ஒருவர் செய்யவேண்டும், அல்லது பக்கத்தில் நிற்கவேண்டும். சிறுபிள்ளைகள் அறைக்கு வெளியே.

2. பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முகமூடி, நீண்ட கைச் சட்டை. மூக்குக் கண்ணாடி மட்டும் போதாது.

3. முதலில் சிலந்தியை அகற்றுங்கள். வெளிச்சம் தெரியும் பிளாஸ்ரிக் டப்பாவால் மூடி, கீழே மட்டையைச் செருகி, மூடி போட்டு வையுங்கள். மெல்லிய பிறஷால் பின்னங்காலில் தொட்டால் தானாக முன்னே நடக்கும். கையால் தூக்கவோ வாயால் ஊதவோ வேண்டாம்.

4. பழைய மண்ணிலும் வலையிலும் உதிர்ந்த மயிர் நிறைய இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்தபின் பையில் போட்டுக் கட்டுங்கள். சுற்றவர ஈரத்துணியால் துடையுங்கள், ஹூவர் வேண்டாம்.

5. எல்லாம் முடிந்து, கையுறையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள்.

சிலந்தி மல்லாக்கக் கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அது சட்டை கழற்றுகிறது. சில மணித்தியாலம் எடுக்கும். தொட வேண்டாம், உயிரோடு பூச்சி ஏதும் உள்ளே இருந்தால் எடுத்துவிடுங்கள். பின்னர் ஓரிரு வாரம் உணவு வேண்டாம். கழற்றிய சட்டையிலும் சுணை மயிர் உண்டு, வெறுங்கையால் பிடிக்கக்கூடாது.

ஏதாவது நடந்துவிட்டால்

தோலில் மயிர் பட்டால் சொறியாதீர்கள். செலோரேப்பை ஒட்டி ஒட்டி உரித்து எடுத்தபின் கழுவுங்கள். கடிக்கு அன்ரிஹிஸ்ரமின் குளிசை உதவும்.

கண்ணில் பட்டால் கசக்கவே கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவி, அன்றே கண் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். "வீட்டில் ரறன்ருலா இருக்கிறது" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். நுணுக்குக்காட்டி இல்லாமல் அந்த மயிர் எங்களுக்குத் தெரியாது. வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய சொட்டு மருந்தை விடாதீர்கள்.

கடித்தால் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, பரசிற்றமோல் எடுக்கலாம். ஏற்பு ஊசி போட்ட காலத்தைப் பாருங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு பூசுவது எதுவும் வேண்டாம். தசைப்பிடிப்பு, நெஞ்சு வலி வந்தால் வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்செடுக்கக் கஷ்டம், முகம் அல்லது நாக்கு வீக்கம் என்றால் உடனே 999.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சிலந்தி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும், எல்லோரும் ஒரே அறையில் படுக்கும் வீட்டிலும் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் பிள்ளை கேட்கப் பயப்படும்படி சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்குக் கண் நோகத் தொடங்கிய அன்றே காரணம் தெரியும். பத்து நாள் வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் சிலந்தி அல்ல, ஏச்சு விழும் என்ற பயம்.

கண் சுகமானபின் தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு போய், பூட்டுள்ள நல்ல தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தார். "ஒளிச்சு வளர்க்கிறதிலும் பார்க்க என்ர கண்ணுக்கு முன்னால வளரட்டும் டொக்டர்" என்றார். இப்போது அது அவர்களுடைய வரவேற்பறையில் இருக்கிறது. அம்மம்மா மட்டும் அந்தப் பக்கத்துக் கதிரையில் இன்னும் இருப்பதில்லையாம்.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று. பதிலைக் கேட்டு உடனே சத்தம் போடாதீர்கள்.

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். நலமாக இருங்கள்.